சிவப்புத் தடிகளின் மேல் எழுந்த மதில்

1. முதலில் கண்டது

பண்டத்தரிப்பில் இருந்து கடனீரேரிப் பக்கம் இறங்கும் மண் பாதையில் ஸ்கூட்டியை நிறுத்தியதும், இடம் மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். முந்திய கிழமை வெறும் உவர் வெளியாக இருந்த இடத்தில் சீமெந்துக் கல் மதில் ஒன்று இடுப்பளவுக்கு எழுந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், கடனீரேரிச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் காடு. இந்தப் பக்கம், சேற்றில் அப்போதுதான் தலைகாட்டிய கண்டல் கன்றுகள். மேசன் நூல் பிடித்திருந்தது, முந்திய கிழமை நாங்கள் நட்ட சிவப்புத் தடிகளில்.

"ஆர் அண்ணை இதைக் கட்டச் சொன்னது?"

மேசன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, தடி நட்டது நீங்கள், கல்லு வைக்கிறது நாங்கள். நல்ல நேரா நட்டிருக்கிறியள். எனக்கு அரைவாசி வேலை மிச்சம்."



2. அந்தத் தடிகள் எதற்கு

புதிதாகக் கள வேலைக்கு வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். காலநிலை மாற்றத்தால் ஒரு கரையோர வாழிடம் எவ்வளவு பாதிக்கப்படும் என்று மதிப்பிட நாங்கள் கேட்பவை மூன்று.

- கடல் அதை எவ்வளவு தாக்கும்?
- தாக்கினால் அதற்கு எவ்வளவு நோகும்?
- நொந்தால் தப்பிக்க வழி உண்டா?

கண்டலுக்கு மூன்றாவது கேள்விதான் உயிர். கடல் மட்டம் ஏறினால் கண்டல் பின்வாங்கித் தரைப்பக்கம் முளைக்கும். அதற்குப் பின்னால் திறந்த நிலம் வேண்டும். நாங்கள் பார்த்த இடங்களில் அது தாராளமாக இருந்தது இங்கேதான். அதனால் நல்ல ஸ்கோரும் இதற்குத்தான். காடு முடியும் விளிம்பில் வரிசையாகத் தடி நட்டோம், வரும் வருடங்களில் காடு எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பதற்கு.

மதிலடியில் நின்றபடியே சேருக்கு, அதாவது எங்கள் குழுத் தலைவருக்கு, போன் எடுத்தேன்.

"என்ன சொல்லுறீர்? மதிலோ? எங்கடை தடியிலையோ?"

"ஓம் சேர். அச்சொட்டா எங்கடை தடியிலை."

"முதல் போய்க் காணிக்காரரைப் பாரும்" என்றார் சேர்.

3. தேவமலர் அக்கா

காணிக்காரி தேவமலர் அக்கா பாடசாலையில் எழுதுநராக வேலை செய்பவர். நாங்கள் தடி நட்ட ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்துக்குப் போயிருந்தார். கிராம சேவையாளரிடம் அனுமதி எடுத்திருந்தோம். அது போதும் என்பதுதான் எங்கள் வழக்கம்.

வீட்டு வாசல் படலையடியில் நின்று கூப்பிட்டேன். அவர் கதிரை தரவில்லை.

"நீரோ உந்தத் தடியள் நட்டது?"

"ஓம் அக்கா. ஆனா அது காணி எடுக்கிறதுக்கில்லை. கண்டல் எவ்வளவு..."

"போன தரமும் இப்பிடித்தான் பிள்ளை. ஆமிக்காரர் சும்மா அளக்கிறம் எண்டு சிவப்புத் தடி நட்டவை. பிறகு என்ரை காணிக்கை போக நான் பாஸ் எடுக்கவேண்டி வந்தது. என்னைப் பெத்த ஐயா அந்தக் கிணத்தை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு சொல்லிச் சொல்லியே செத்தவர். இண்டைக்கு உதிலை நிக்கிற தடி நாளைக்கு என்ரை கிணத்தடியிலை நிக்கும். அதுதான் கல்லு வைச்சன். இனி எல்லையை அரக்கிப் பாருங்கோ."

நாங்கள் அந்தக் கோட்டைப் போட்டது அது நகர்வதைப் பார்க்க. அவர் மதில் கட்டியது அது நகரக்கூடாது என்பதற்காக. சமாதானம் சொல்வதாக நினைத்து, "தடி நகராது அக்கா, கண்டல்தான் மெல்ல மெல்ல உங்கடை பக்கம் வரும்" என்றேன்.

அவருடைய முகம் வெளுத்தது.

"என்ரை காணிக்கை காடு வருமெண்டு சொல்லவே இவ்வளவு தூரம் வந்தனீர்?"

"கண்டல் வராட்டில் கடல் வரும் அக்கா."

அந்த வசனத்தை நான் அறிக்கைகளில் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறேன். ஒரு வீட்டு முற்றத்தில், அந்தக் காணியில் குடியிருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தரம். அது எவ்வளவு பயங்கரமான வசனம் என்று சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது.

"போம் பிள்ளை" என்றார் அக்கா.

மதில் முழு உயரத்துக்கு எழுந்தது.

4. மாரி

மாரி மழை தொடங்கிய கிழமை அக்காவே போன் எடுத்தார். "வந்து பாரும்" என்று மட்டும் சொன்னார்.

நான் தங்கியிருக்கும் கொக்குவிலில் இருந்து நனைந்தபடி போனேன். ஊருக்குள் பெய்த மழை வழக்கம்போலக் கடனீரேரிக்குத்தான் ஓடி வந்திருந்தது. மதில் அதை மறித்துவிட்டது. அக்காவின் முற்றம் குளம். கிணற்றுக் கட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது. கன்றுகள் ஒன்றும் தெரியவில்லை. தடிக்குப் பயந்து வைத்த மதில் ஊர் வெள்ளத்தைப் பிடித்து வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

மேசன் அலவாங்குடன் நின்றார். "கட்டவும் நான், இடிக்கவும் நான். அக்கா சொன்னாச் சரி."

அக்கா என்னைப் பார்த்தார். "உடைச்சா எல்லை போயிடும்."

"எல்லை ஆக்களுக்குத் தெரிஞ்சாக் காணும்தானே அக்கா? பள்ளமான துண்டை மட்டும் உடைச்சு பனைமட்டை வேலி போடுவம். தண்ணி போய்வரும். ஆக்கள் வரேலாது."

"இதை முதலே படலைக்கு வந்து சொல்லியிருந்தா என்ரை கல்லு மிச்சம்."

மேசன் முதல் அடியைப் போட்டார்.

5. மிஞ்சியது

அடுத்த ஆண்டு அளக்கப் போனேன். மதில் நின்ற நீளம் முழுவதும், வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த கன்றுகள் செத்திருந்தன. எங்கள் பட்டியலில் நல்ல ஸ்கோர் எடுத்த இடம் இப்போது மோசமானவற்றில் ஒன்று. காரணம் என்ற இடத்தில் "மதில்" என்று எழுதினேன். மதிலுக்குக் காரணம் எழுத அதில் இடமில்லை. ஆகையால் அதை என் கள வேலைப் பட்டியலின் தலையில் எழுதி வைத்திருக்கிறேன். ஜிபிஎஸ், அளவுநாடா, சேற்றுச் சப்பாத்து எல்லாவற்றுக்கும் மேலே: முதலில் படலை, பிறகு தடி.

பனைமட்டை வேலியடியில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலிக்கு உள்ளே, அவருடைய பக்கம், ஒரு கண்டல் கன்று நான்கைந்து இலையுடன் நின்றது.

"பிடுங்கேல்லையே அக்கா?"

"இல்லை. நிக்கட்டும்."

நான் பைக்குள் கை விட்டேன்.

"அது நிக்கட்டும்" என்றார் அக்கா. "ஆனா பக்கத்திலை தடி நட்டீரெண்டா, தடியைப் பிடுங்கி எறிவன்."

கையை வெளியே எடுத்தேன். வேலிக்கு ஊன்றிய கதியாலில் இருந்து கன்று வரை நாடாவைப் பிடித்து அளந்தேன். நாடாவின் மறு முனையை அக்காவே பிடித்துக்கொண்டார்.