போன பெண், வந்த பெண்

பத்தாவது படிக்கும் என் மகள் சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜை முழுக்கச் சார்ட் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தாள். இடைக்கால இத்தாலியில் ஒரு நகரத்தை ஆண்ட குடும்பத்தின் வம்சப் படம். அமெரிக்காவில், பார்சிப்பனியில் இருக்கும் எங்கள் வீட்டில் வேறு மேஜை கிடையாது. இட்லித் தட்டை வைக்க இடமில்லாமல் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

படத்தில் இரண்டு குறுக்குக் கோடுகள் இருந்தன. பக்கத்து ஊர் ராஜாவோடு சண்டை வேண்டாமென்று இந்த வீட்டுப் பெண்ணை அங்கேயும், அந்த வீட்டுப் பெண்ணை இங்கேயும் கட்டிக்கொடுத்தார்களாம்.

"அடிப்பாவி, இது நம்ம வீட்டுக் கதைடி!" என்றேன்.

எங்களுடையதும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்தான். தாம்பரத்தில் ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம். எனக்கு இவர், என் அண்ணனுக்கு இவருடைய தங்கை. நானும் அவளும் ஒருவரையொருவர் அண்ணி என்றே கூப்பிடுவோம்.

அந்த அண்ணி போன மாதம் என் அண்ணனை விட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்கிறேன் என்று தெரிந்தே மாமியார் ஃபோன் ஸ்பீக்கரில் இவரிடம் சொன்னார்: "என் பொண்ணு இங்க வந்து உக்காந்திருக்கா. அவன் தங்கச்சி மட்டும் அங்க ஜம்முனு குடும்பம் நடத்தணுமா?" இவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் வேலையும் கிரீன் கார்டும் இருந்தும், என்னையும் அனுப்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

மகள் ஒரு கோட்டின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டாள். அந்தக் கல்யாணம் முறிந்துவிட்டதாம்.

"அப்போ இன்னொருத்தி?"

அவளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இத்தனைக்கும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அநியாயம்! அவ என்ன பண்ணா?"

மகள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. முதல் பெண் கஷ்டப்பட்டாளே, அதைப் பற்றி யாருமே கேட்கவில்லையே என்றாள்.

சிங்க்குக்குப் போய்க் கையைக் கழுவினேன். போன வருஷமே அண்ணி அழுதுகொண்டு ஃபோன் செய்தாள், இனிமேல் முடியாது என்று. நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அண்ணி. நீங்க வந்துட்டா என் கதி என்ன ஆவுறது?" அதற்காகவே இன்னும் ஒரு வருஷம் அங்கே கிடந்தாள். அவள் வெளியே வந்த பிறகு நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவள்மேல் எனக்குக் கோபமாம்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஈரக் கையோடு ஃபோனை எடுத்தேன். முதல் ரிங்கிலேயே பேசினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்:

"அண்ணி, எங்க அண்ணன் உங்ககிட்ட நல்லா பேசுறாரா?"