விசிலுக்கு முன் இறங்கிய வண்டி

லாரிக்காரருக்குத் தன் அக்கா புருஷன்மேல் பதினோரு வருஷக் கோபம். இருவருக்கும் ஒரே கல்குவாரியில் வேலை. மாமா வெடி வைப்பவர். வெடித்தபின் அவர் விசில் ஊதினால்தான் லாரிகள் பள்ளத்துக்குள் இறங்கலாம். மனிதர் அதை லேசில் ஊத மாட்டார். "பொறு, பொறு" என்பார். நாளுக்கு ஒரு நடைக் கூலியாவது அவரால் போய்விடும். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயரே பொறுமாமா.

இருபத்திரண்டு வருஷ வெடியில் அவர் காது பாதி போயிருந்தது. வீட்டில் உப்பு கேட்டாலே ஊரைக் கூட்டுவதுபோல இருக்கும். "கத்தாதீங்க, பக்கத்து வீட்டுக்காரி உப்போட வந்துடப் போறா" என்பாள் அக்கா.

புழுதி விஷயத்தில் மட்டும் அவர் கணக்குப் பிசகாது. காற்றடித்தால் மேகமாகப் பரவி மலையைத் தாண்டிவிடும். காற்றில்லாத நாளில் கனத்த தூள் முதலில் விழும். மாவுபோன்ற தூள் பள்ளத்தின் அடியில் மழைத்தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். பள்ளத்துக்கு இறங்கும் பாதையோரம் வெள்ளையடித்த கற்கள் ஏழு. ஏழும் தெரிந்தால்தான் விசில்.

"தலை தெளிஞ்சா பத்தாது மாப்ளே, காலும் தெளியணும்."

"உங்க கால் தெளியறதுக்குள்ள என் தலை நரைச்சிடும் மாமா."

அன்று இலைகூட அசையவில்லை. வெடித்து அரைமணி ஆகியும் விசில் இல்லை. வரிசையில் லாரிக்காரர்தான் முதல் வண்டி. உயரமான சீட்டிலிருந்து பார்த்தார். எதிர்ப்பாறையின் உச்சி பளிச்சென்று தெரிந்தது. வண்டியை இறக்கிவிட்டார்.

இறங்க இறங்கக் கண்ணாடி வெளுத்தது. விளக்கைப் போட்டார். வெளிச்சம் புழுதியில் முட்டி அவர் முகத்துக்கே திரும்பியது. பிரேக்கை மிதிக்கும்போதே முன்னால் எதுவோ இடித்தது.

மருந்து வெடிக்காத குழி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாமா நடந்து திரும்பிய வழி அது. லாரிச் சத்தம் அவர் காதுக்கு எட்டவில்லை.

லாரிக்காரர் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமாவின் இடுப்புக்குக் கீழே சக்கரம். இவருக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. மாமாவின் புருவத்தில் அப்பியிருந்த தூளைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். மேலே யாரோ கியர் போடுவது கேட்டது. கேட்டும் எழவில்லை.

மாமா அவர் கையைத் தட்டிவிட்டார். பிறகு, வாழ்நாளில் கடைசியாக, மச்சினனிடம் ஒரு வேலை சொன்னார்.

"என்னை விடுடா. நீ இறங்கினதைப் பாத்து அடுத்தவனும் இறங்குவான். ஓடு, போய் நிறுத்து."