காரை விட்டு இறங்காத மாமனார்

ஒற்றை லேத் மெஷினோடு பம்புப் பட்டறை போட்டவன் நான். படிப்பு அஞ்சாவது. இன்றைக்குக் கோயமுத்தூரைச் சுற்றி எங்கள் பம்பு ஓடாத தோட்டம் குறைவு. தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன், வீடு கட்டினேன், சொந்தக்காரர் சண்டையெல்லாம் தீர்த்து வைத்தேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லைங்க.

அப்பேர்ப்பட்டவன் போன சித்திரை வெயிலில், உடுமலைப்பேட்டைப் பக்கம் சம்பந்தி தோட்டத்து வாசலில், காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகன் குடித்துவிட்டு மருமகளை அடித்துவிட்டான். அந்தப் பிள்ளை அப்பா வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இப்படி ஆனால் பெரியவர்கள் பழத்தட்டோடு போய்ப் பேசிப் பெண்ணைக் கூட்டி வருவோம். பையன் பின்னால் நின்றால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. நானும் கிளம்பினேன். மருமகள் போனில் சொன்னது: "மொதல்ல அவரை ஒரு மனநல ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போங்க மாமா. பழத்தட்டு அப்புறம் பாத்துக்கலாமுங்க."

ஆலோசகர் என் மகள் வயசுப் பெண். என்ன நடந்தது என்று மகனைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். "சரக்கு பண்ணுன வேலைங்க அம்மணி. சேர்க்கையும் சரியில்ல. தொழில்ல வேற டென்சன்."

"ஐயா, அடிச்சது சரக்கா, கையா?"

"கைதானுங்க."

"யார் கை?"

நான் வாயெடுப்பதற்குள் அவர் மகன் பக்கம் திரும்பிவிட்டார். அவன் தன் கையைப் பார்த்தான்.

அப்புறம் ஆலோசகர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார். குடி, கோபம், வளர்ப்பு எல்லாம் பின்னால் இருக்கலாம். ஆனால் கை ஓங்கியது இவர் எடுத்த முடிவு. அதைத் தன் வாயால் சொல்லாதவரை திரும்பவும் செய்வார். நீங்கள் இவருக்காகப் பேசப் பேச, இவர் பேச ஒன்றும் மிஞ்சாது. தனியாகப் போய்ச் சொல்லட்டும். திரும்பி வா என்று கூப்பிடக் கூடாது, அது அந்தப் பெண்ணின் இஷ்டம்.

தனியாக அனுப்ப மனசு கேட்கவில்லை. நானும் காரில் ஏறிக்கொண்டேன். வாசலில் மகன், "நீங்க எறங்க வேண்டாங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணாடியை இறக்குவேன், ஏற்றுவேன். கை தானாகக் கதவுப் பிடிக்குப் போகும். தென்னை மட்டை விழுந்த சத்தத்துக்குக்கூட இறங்கப் பார்த்தேன். சம்பந்தி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், ஊட்டுக்குள்ள வராம? உங்க வாய்க்கு யாரு பூட்டுப் போட்டது?"

"கோயமுத்தூர்ல ஒரு அம்மணிங்க."

வாசலை ஒட்டித் தேங்காய் காயும் களத்தில் மகனும் மருமகளும் நின்றார்கள். மகன் குரல் கேட்டது. "குடிச்சதால அடிக்கல. நீ எதுத்துப் பேசுனதாலயும் இல்ல. அடிக்கலாம்னு நெனச்சேன், அடிச்சுப்போட்டேன்."

அதோடு நிறுத்திக்கொண்டான். எனக்கு நாக்கு துடித்தது. 'சின்னப் பையன், மன்னிச்சுரு கண்ணு' என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்துவிடும் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மருமகள் நிதானமாகச் சொன்னது: "கேட்டுட்டேனுங்க. இன்னிக்கு நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க."

திரும்பும்போது வழியெல்லாம் அவன் அழுதான்.

அந்தப் பிள்ளை இன்னும் வரவில்லை. போனில் பேசிக்கொள்கிறார்கள், வருமா வராதா என்று எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை, ஆனாலும் நடுவில் நுழைவதில்லை. பையன் தப்பைத் தன் வாயால் ஒப்புக்கொண்டதுக்கு ஆலோசகர்தான் காரணம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள், சிலர் மருமகளின் பிடிவாதம் என்கிறார்கள். ரெண்டும் சரிதான். ஆனால் அந்தக் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நானுங்க. என் ஆயுசில் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு அதுதான், அதை என் கணக்கில்தான் எழுத வேண்டும்.