ஐந்து கிணறுகளுக்கு ஒரு மிசின்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணத்து அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கு ஒட்டுப்போடத் தொடங்கி, தண்ணீர் இறைக்கும் மிசின்களுக்கு உதிரிப்பாகக் கடை வைத்தேன். செல் குண்டு விழுந்து கூரை போனபோது, கிடுகு வேய்ந்து மறுகிழமையே திறந்தேன். கொழும்பிலிருந்து லொறியில், மெத்தைக்குள் சுற்றி, எத்தனையோ சோதனைச்சாவடி தாண்டி, எங்கள் பகுதிக்கு முதல் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தவனும் நான்தான். படித்த மனிதர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். இன்று கடையும் இல்லை, வாசலும் இல்லை.

அந்தக் கொம்பியூட்டரில் ஒரு கணக்குப் புரோகிராம் இருந்தது. யார், எந்த மிசினுக்கு, என்ன சாமான் வாங்கினார் என்று நான் சொல்ல, கொழும்பில் அந்தப் படிப்புப் படித்த என் மருமகன் அடிப்பார்.

தொண்ணூறில் மின்சாரம் நின்றது. பிறகு மண்ணெண்ணெயும் அருந்தலாகிவிட்டது. இறைப்புக்கென்று வந்த கொஞ்ச எண்ணெயை மிசினுக்கு இவ்வளவு என்று பங்கிட, விவசாயிகள் சங்கம் ஒரு பட்டியல் தேடியது. எந்த ஊரில் யாரிடம் மிசின் இருக்கிறது என்ற விபரம் என் கடையில் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்தப் புரோகிராமுக்குக் காசுக்கணக்கு மட்டுமே தெரியும். ஊர்வாரியாகக் கேட்டால் முழிக்கும். எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்றார் மருமகன். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, மிசின்களுக்கு ஓர் அட்டவணை. இரண்டையும் ஆளின் பெயர் தொடுக்கும். ஜெனரேட்டரை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, பகலில் இரண்டு மணித்தியாலம் வேலை. புகையில் கண் எரியும்.

"மாமா, புத்தூரிலை ஒரே பேர் அஞ்சு தரம் வருது. எல்லாம் ஒராள்தானே?"

நான் வாசலில் ஒரு வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஓம் ஓம், ஒராள்தான். சுறுக்கா அடியுங்கோ, எண்ணெய் முடியுது."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பட்டியல் சங்கத்துக்குப் போய் மூன்றாம் கிழமை, புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து நின்றார். புருசன் இறந்து ஒரு வருடமும் ஆகவில்லை. மிசின் இன்னும் புருசன் பெயரில்தான் இருந்தது; ஐந்து தரம் வந்த அதே பெயர்.

"அண்ணை, உங்கடை பெட்டி என்ரை மனிசனை ரெண்டாந்தரமும் சாக்காட்டிப் போட்டுது."

"என்ன பிள்ளை, என்ன கதை இது?"

"அந்தப் பேரிலை இருக்கிற அஞ்சு பேருக்கும் ஒரு பங்கெண்டு கிடக்காம். முதல் வந்தவர் எடுத்துக்கொண்டு போட்டார். எனக்கு ஒரு துளி எண்ணெய் இல்லை. வந்து பாருங்கோவன் உங்கடை கெட்டித்தனத்தை!"

போய்ப் பார்த்தேன். செம்மண் வெடித்துக் கிடந்தது. வெங்காயத்தாள் கையில் நொறுங்கியது. கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. மற்றவர்கள் அயலில் எண்ணெய் கைமாற்றாக வாங்கி இறைத்திருக்கிறார்கள். இவருக்குக் கொடுக்க ஆளில்லை. நான் என் கையால் பூட்டிக்கொடுத்த மிசின் கிணற்றடியில் சும்மா கிடந்தது. அதன் விலாவில் ஒரு தகடு, தகட்டில் எஞ்சின் இலக்கம். அதைத் துடைத்து வாசித்துவிட்டு, நேரே கடைக்கு மருமகனிடம் போனேன்.

"தம்பி, ஆளின்ரை பேரை விடுங்கோ. எஞ்சின் இலக்கத்தைப் போட்டுத் தொடுங்கோ. ஒரே பேரிலை பத்துப் பேர் இருப்பினம். ஒரே இலக்கத்திலை ரெண்டு எஞ்சின் இல்லை."

மருமகன் கதிரையைத் திருப்பினார். "உந்த யோசனை எனக்கு வரேல்லையே, மாமா."

கிணறு கிணறாகச் சைக்கிளில் போய், கிரீசைத் துடைத்து, இலக்கங்களை எழுதிவந்தேன். அதன் பிறகு எல்லோருக்கும் பங்கு சரியாகக் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கும் கிடைத்தது. இறைப்பதற்குத்தான் தோட்டத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரை விட்டுச் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டபோது, அந்தப் பட்டியலைப் பதிந்து வைத்த பிளொப்பித் தட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு போனேன். கிளாலிக் கடலேரியில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி, எல்லாம் உப்பில் ஊறிவிட்டன. பிறகு எந்தக் கொம்பியூட்டரும் அவற்றை வாசிக்கவில்லை. திரும்பி வந்தபோது கிணறுகள் மட்டும் கிடந்தன. ஒரு மிசினும் இல்லை. இத்தனையும் எதற்குச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போது கனடாவில் இருக்கும் மருமகன், அங்கே அச்சடித்த விழா மலர் ஒன்றை அனுப்பியிருக்கிறார். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் அவர் தனியொருவராகத் தரவுத்தளம் செய்தாராம். தனியொருவராக!

எஞ்சின் இலக்கம் என் யோசனை. பார்க்காமல் "ஓம்" என்று சொல்லி ஐந்து கிணறுகளை ஒன்றாக்கியவனும் நான். அந்த வெங்காயம் கருகியதும் என் கணக்கில்தான். இரண்டையும் என் பெயரில் போட்டு, அடுத்த மலரில் திருத்தம் வர வேண்டும்.