ஆணிக்கும் கல்லுக்கும் நடுவே மூன்றரை அடி

பதினோரு வருஷமாகக் கொத்தனார் தன் அக்கா புருஷனை மன்னிக்கவில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோய்விடவில்லை; நிற்க அக்கா விட்டிருக்க மாட்டாள். வீட்டுக்குப் போவார், கொடுத்த டீயைக் குடிப்பார், "கால் வீக்கம் வத்துச்சா அத்தான்?" என்று கேட்பார். ஆனால் அந்தக் கோபம் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி உள்ளேயே கிடந்தது. நடக்கிறபோதெல்லாம் குத்தியது.

நடந்தது இதுதான். ஆற்றங்கரை நடைபாதையில், இரும்புப் பாலத்தை ஒட்டிய சுவரில், பெருவெள்ளத்தின் நினைவாக ஒரு கருங்கல் பலகை வைத்தார்கள். அதன் குறுக்கே விரல் பருமனுக்கு ஒரு கோடு. அந்தக் கோடு வரை தண்ணீர் நின்றது என்று கீழே எழுதியிருக்கும். கல்லைச் சுவரில் பதித்தவர் கொத்தனார். திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். கயிற்றை இழுத்தார், திரை விலகியது, கைதட்டல் அடங்கியது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கல்லு பொய் சொல்லுது. தண்ணி இதுக்கு மூணரை அடி மேல நின்னுச்சு. வெச்சவனுக்கே தெரியும்."

அத்தானின் குரல்தான். அதோடு கொத்தனாருக்கு நடைபாதையின் மிச்ச வேலை போயிற்று. படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், பெஞ்சு என்று இரண்டு வருஷ வேலை வேறு ஆள் கைக்கு மாறியது. "மச்சினன்னு கூடப் பார்க்காம நடுத்தெருவுல துணியை உருவிட்டார்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் தேய்ந்தது.

அத்தானை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆற்று ஆபீசில் அவருக்கு ஒரே வேலை. பாலத்தின் கரையோரக் கல் தூணில் அடியும் அங்குலமுமாக வர்ணத்தில் எழுதிய அளவைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். கல்யாணத்தன்று காலையிலும் அவர் தூணடியில்தான் நின்றார். "மாப்பிள்ளையைக் காணோம்னு எல்லாரும் தேடுறோம். இவர் பாட்டுக்கு ஆத்துல எத்தனை அடின்னு பார்த்துக்கிட்டு நிக்கிறார்" என்று அக்கா இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். கல் விவகாரத்துக்குப் பிறகு அவரை ஆற்றுப் பக்கமே அண்ட விடாமல் ரெக்கார்டு ரூமில் தூக்கிப் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஓய்வு பெறும் வரை ஏழு வருஷம் அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவருக்கு நெஞ்சு பலவீனம். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"காலையில நீ கூடப் போ."

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சாங்க. ரெண்டாம் நாள் போனை எடுக்க மாட்டேங்கிறாங்க. உனக்குத்தான் அவர் பேச்சு பழக்கம்."

இப்படித்தான் கொத்தனார் தினமும் விடிந்ததும் தன் எதிரியைக் கைத்தாங்கலாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகும்படி ஆயிற்று.

அந்த நடைபாதை நகரத்தின் பெருமை. வெளியூர்க்காரர்கள் கேமராவும் கையுமாக அங்கேதான் இறங்குவார்கள். மணிக்கூண்டு, படகுத்துறை, பழைய நீதிமன்றம், குதிரை மேல் உட்கார்ந்த தளபதி சிலை, கடைசியில் இரும்புப் பாலம். மற்றவர்கள் அண்ணாந்து உச்சியைப் பார்ப்பார்கள். அளவுக்காரர் மட்டும் அடியைப் பார்ப்பார்.

"மணிக்கூண்டுல ஒன்பதாம் படி," என்பார் கைத்தடியால் காட்டி. இன்னும் நூறு எட்டு எடுத்து வைத்தால், "கோர்ட்டுல ஜட்ஜ் நாற்காலி மிதந்துச்சு." சிலைக்குக் கீழே வந்ததும் நிச்சயம் நிற்பார். "குதிரைக்கு வயித்து வரைக்கும். தளபதிக்கு பூட்ஸ் நனைஞ்சுது."

"தெரியும் அத்தான். நேத்தும் சொன்னீங்க."

"நேத்து சொன்னேன்னு தண்ணி இறங்கிடுச்சா?"

கொத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். கடைசியில் பாலத்தடி. அங்கே அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு நீலச் சாக்கட்டியை எடுத்து, ரப்பர் பேண்டால் கைத்தடி நுனியில் கட்டி, கல் பலகைக்கு மேலே, தலைக்கும் மேலே, சுவரில் ஒரு கோடு இழுப்பார். கோடு புழு மாதிரி நெளியும். ஆனாலும் உயரம் தப்பாது. நடைபாதை பெருக்குகிற அம்மா அரை மணி நேரத்தில் வந்து தண்ணீரை அடித்துக் கழுவிவிடுவாள். மறுநாள் மறுபடி கோடு.

அன்று வியாழக்கிழமை. அந்த அம்மா முன்கூட்டியே வந்து வாளியோடு காத்திருந்தாள்.

"பெரியவரே, சீக்கிரம் வரைங்க. கழுவிட்டு நான் வேற வேலை பார்க்கணும்."

"கழுவாம விட்டுடேன் தாயி."

"நான் இதை விட்டா மேஸ்திரி என்னைக் கழுவிடுவார். இல்லேன்னா கொஞ்சம் கீழேயாவது வரையுங்க. கை எட்ட மாட்டேங்குது."

"அதையேதான் அன்னைக்கும் சொன்னாங்க," என்றார் அத்தான், கொத்தனாரைப் பார்க்காமல்.

கொத்தனாருக்குச் சுருக்கென்றது. எந்த வார்த்தையை எங்கே தைக்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. சுவருக்குப் பின்னால் புது அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை அவருடைய மகளும் மருமகனும் எடுக்கப் போகிறார்கள். மறுநாள் கையெழுத்து. "தரைத்தளம் வெள்ளக் கோட்டுக்கு ஒரு அடி மேலே" என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மகள் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். "எங்கப்பா வெச்ச கல்லை வெச்சுத்தான் அளந்திருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னாள். கொத்தனார் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டவர்களிடம் பல்வலி என்று சொல்லி வைத்தார்.

ஏனென்றால் அத்தான் சொன்னது உண்மை. வெச்சவனுக்குத் தெரியும்.

வெள்ளத்தின் மூன்றாம் நாள் மத்தியானம், அக்காவின் அழுகை தாங்காமல், படகுத்துறை ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அத்தானைத் தேடிப் போனவர் இதே கொத்தனார்தான். மனிதர் பாலத்துத் தூணின் இரும்பு ஏணியில் தொற்றிக்கொண்டிருந்தார். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பல்லில் கவ்வியிருந்தார். தூணில் எழுதிய எண்கள் எல்லாம் முழுகிப் போயிருந்தன. படகைப் பார்த்ததும் பையை வாயிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார்.

"குறிக்க நம்பர் இல்லை மாப்பிள்ளை. ஒரு மணி நேரமா தண்ணி ஏறலை, இறங்கலை. இதுதான் உச்சம். சுத்தியல் வெச்சிருக்கியா?"

கொத்தனார் கருவிப் பையில்லாமல் வாசல்படி தாண்டாத ஆள். படகில் நின்றபடியே, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், தூணின் இரண்டு கல்லுக்கு நடுவேயுள்ள பூச்சில் நாலங்குல ஆணி ஒன்றை அடித்து இறக்கினார். அத்தானை இழுத்துப் படகில் போட்டுக்கொண்டு வந்தார். உயிரைக் காப்பாற்றியதற்கு அந்த மனுஷன் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆணி நேரா இறங்குச்சா?" என்றுதான் கேட்டார்.

அடுத்த வருஷம் கல் வைக்கக் கூப்பிட்டபோது கொத்தனார் ஆணியிலிருந்து மட்டம் எடுத்து, சரியான உயரத்தில் குறியும் போட்டார். என்ஜினியர் வந்து பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு உசரத்துல வெச்சா கயிறை யார் இழுக்கிறது? வர்றவர் குள்ளம். போட்டோவுல கல்லும் விழணும், முகமும் விழணும். நெஞ்சு உசரத்துக்கு இறக்கு." கொத்தனார் இறக்கினார். சுவரில் படிந்திருந்த பழைய சேற்றுக் கறையைத் தன் கையாலேயே பூசி மறைத்தார். இரண்டு வருஷ வேலை கண் முன்னால் நின்றது. தண்ணீர்தான் வந்துவிட்டுப் போய்விட்டதே, இனி அது எங்கே நின்றால் யாருக்கு என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் இதை நினைத்துக்கொண்டு நிற்கும்போதே மகள் வந்து சேர்ந்தாள். தோளில் கைக்குழந்தை, கையில் அந்த நோட்டீஸ்.

"மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று அத்தானிடம் கேட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, நாளைக்குக் கையெழுத்து. அவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னார். நீங்க வெச்ச கல்லுதானே, நம்பிப் போகலாம்ல?"

கொத்தனார் அத்தானைப் பார்த்தார். இப்போது கத்துவார், கைத்தடியை ஆட்டுவார், மானத்தை மறுபடி ஏலம் போடுவார் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றார். அத்தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், இன்னைக்கு வாயில பூட்டா? அன்னைக்கு மைக் இல்லாமலே ஊரைக் கூட்டினீங்களே."

"உன் பொண்ணு உன்னைத்தான் கேக்குது மாப்பிள்ளை."

கொத்தனாருக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. அத்தான் கையிலிருந்து தடியைப் பிடுங்கினார். விறுவிறுவென்று பாலத்துத் தூணடிக்குப் போய், தலைக்கு மேலே, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து மரு மாதிரி துருத்திக்கொண்டிருந்த ஒரு மேட்டைத் தட்டினார். பெயின்ட் உரிந்து துரு தெரிந்தது.

"இது ஆணி. நான் அடிச்சது. தண்ணி இங்கே நின்னுச்சு."

மகள் ஆணியைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு சுவருக்குப் பின்னால் கீழ்த்தளத்து ஜன்னலைப் பார்த்தாள். குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ கல்லு ஏன் அங்கே இருக்கு?"

"திரையை இழுக்க வந்தவருக்குக் கை எட்டலை."

 மகள் அழுவாள் என்று கொத்தனார் நினைத்தார். அவள் அழவில்லை.

"அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கலாமேப்பா."

 அது அன்றைக்கு என்ஜினியருக்கும் தோன்றவில்லை, கொத்தனாருக்கும் தோன்றவில்லை. பெருக்குகிற அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாங்க எடுக்கலை. அது போகட்டும்," என்றாள் மகள். "கீழ்த்தளத்துல பன்னிரண்டு வீடு. இதே நோட்டீசைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு யார் சொல்றது?" நோட்டீசை நாலாக மடித்து அப்பாவின் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கொத்தனார் வெடித்தார். "உங்களுக்கு இந்த வீட்டு விஷயம் எப்போ தெரியும்?"

"போன மாசமே."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"நான் சொன்னா பழைய கோபத்துல சொல்றார்னு அந்தப் பொண்ணே நினைச்சிருக்கும்." அத்தான் சிலைக்குக் கீழே நின்றார். மூச்சு வாங்கியது, ஆனால் குதிரையின் வயிற்றைக் காட்டவில்லை. "உனக்கு மட்டும்தான் கோபம் இருக்கா? ஜன்னல் இல்லாத ரூம்ல ஏழு வருஷம் உட்கார்ந்தேன். ஆமா சார், ஆணி நான்தான் அடிச்சேன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ வந்து சொல்லியிருந்தா என்னை வெளியே விட்டிருப்பாங்க. நீ வந்தே, டீ குடிச்சே, கால் வீக்கம் கேட்டுட்டுப் போனே."

  அன்றைக்கும் கொத்தனார் அவர் கையைப் பிடித்துத்தான் வீடு வரை கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாளே அவர் ஆற்று ஆபீசுக்குப் போனார். கல் வேறு இலாகா என்றார்கள். அந்த இலாகாவுக்குப் போனார். திறந்து வைத்த கல்லை மாற்ற விதியில் இடமில்லை என்று ஒரு இளவட்டம் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆணி இருக்கு தம்பி, வந்து பாருங்க" என்றார். "ஆணியெல்லாம் ரெக்கார்டு ஆகாது" என்றான். கொத்தனார் மேஜையில் ஓங்கிக் குத்திவிட்டு வந்தார். கைதான் வீங்கியது.

பத்தாம் நாள் அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலை வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கேட்டு வாங்கிய ஜன்னல் ஓரம். அக்கா முகம் கழுவப் போயிருந்தாள். கொத்தனார் ஆபீஸ் கதையை ஒன்றுவிடாமல் சொல்லித் திட்டித் தீர்த்தார். அத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்ககிட்ட ஏன் கேட்டே? உளியும் சுத்தியலும் உன்கிட்டதானே இருக்கு," என்றார். குரல் தேய்ந்து வந்தது. "கல்லைப் பேர்க்காதே. அது அங்கேயே கிடக்கட்டும், பார்க்கிறவன் பார்க்கட்டும். மேலே சுவர்ல வெட்டு. ஆழமா வெட்டு, அந்த அம்மா கழுவினாலும் போகக் கூடாது. ஆள் நடமாட்டம் இருக்கிறப்போ போ. அந்தப் பன்னிரண்டு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வர்ற நேரமாப் பார்த்துப் போ. யாராவது கேட்டா ஆணியைக் காட்டு, அடிச்சது நீன்னு சொல்லு."

"சரி."

"கண் மட்டத்துல போடாதே. டியூப்ல தண்ணி நிரப்பி, ஒரு முனையை ஆணியில வெச்சு மட்டம் எடு. குமிழி இல்லாமப் பார்த்துக்கோ."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? சரி அத்தான்."

கொத்தனார் எழுந்து கதவு வரை போய்விட்டார். அத்தான் மறுபடி கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை. போறப்போ ஒரு ஸ்டூல் எடுத்துட்டுப் போ."