தேக்கு மேசைக்கு இஸ்திரி

வெனீர் ஒட்டுகிறவனுக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. எனக்குக் கிடைத்த அந்த ஒரு தடவையில் செய்தித்தாள் உள்ளே மாட்டிக்கொண்டது.

பாதி பேப்பர்

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெனீர் என்பது காகிதம் போல மெலிசாகச் சீவிய மரம். பிளைவுட் மேல் தேக்கு வெனீரை ஒட்டினால், பார்க்கிறவனுக்கு அது தேக்கு. பிளைவுட்டிலும் வெனீரின் அடியிலும் ரப்பர் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். அப்புறம் ஒன்றையொன்று தொட்டால் தொட்டதுதான், ஒரு நூல்கூட நகராது. அதனால் நடுவில் செய்தித்தாளை விரித்து, வெனீரை நேர் பார்த்து வைத்து, பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவோம்.

எங்கள் பட்டறை கொச்சியில், மட்டாஞ்சேரியில். மழைக்காலத்தில் அங்கே பசை காயாது. கொடியில் போட்ட சட்டையே காயாது. ஆனால் மேசைக்குச் சொந்தக்காரர் ஷிஜு சேட்டன் என் கழுத்துக்குப் பின்னால் நின்று "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலில் ஈரத்தோடேயே வைத்துவிட்டேன். உருவினேன். பாதி பேப்பர் கையில் வந்தது. மீதி, ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடப்போகும் மேசைக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பட்டறை முதலாளி செல்வம் அண்ணன் என் கையிலிருந்த பாதியை வாங்கிப் பார்த்தார். மரண அறிவிப்புப் பக்கம். ஷிஜு சேட்டன் முகம் வெளுத்துப்போய்க் கேட்டது இதுதான்: "எடா, உள்ளே போனதுல எனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் உண்டோ?"

மரம் போன இடம்

பசை வாடையில் தலைவலியோடு வீட்டுக்குப் போகிற சகோதரர்களே, வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் காரணம் கேளுங்கள். நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சேட்டனின் மனைவி லிஜி சேச்சி பிறந்தபோது அவருடைய அப்பா, கோதமங்கலத்தில், வீட்டுப் பின்புறம் ஒரு தேக்கு வைத்தார். இவர்கள் இடக்கொச்சியில் வீடு கட்டி முடித்ததும் அதை வெட்டி, லாரியில் ஏற்றி, "மோளுக்குச் சாப்பாட்டு மேசை செய்யணும்" என்று நேராக மரமில்லுக்கு அனுப்பினார். சேட்டன் அதை மில்லிலேயே விற்றுவிட்டு, கலர் மீனும் தொட்டியும் வாங்கிக் கூட்டாளி ஒருவன் வீட்டு மாடியில் வைத்து மீன் வியாபாரம் தொடங்கினார். ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மீன் எல்லாம் மல்லாந்துவிட்டது. இது எதுவும் சேச்சிக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் சேச்சியின் ஸ்கூட்டரை விற்றவர் இவர். இன்னொரு பொய் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோதமங்கலம் பஸ் ஏறிவிடுவேன் என்று சேச்சி அன்றைக்கே சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அப்பச்சன், அதாவது மாமனார், மேசை பார்க்க வருகிறார். "உள்ளதைச் சொல்லிடுங்க சேட்டா, பிளைவுட் செலவாவது மிச்சம்" என்றேன். சேட்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பிளஸ் ஒண்ணோட ஏன் நின்னேன்னு இப்போ மனசிலாச்சு."

கனம்

தேக்கு மேசையைத் தூக்க நாலு ஆள் வேண்டும். எங்கள் மேசையைச் சேட்டன் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். தூக்கிய வேகத்தில் அது தலைக்கு மேல் போய்விட்டது.

அடியில் பெட்டி மாதிரி அடித்து உள்ளே கடப்பாக் கல் துண்டுகளை வைத்து மூடினோம். இப்போது கனம் சரி. ஆனால் நகர்த்தினால் உள்ளே கடகடவென்று சத்தம். கல்லுக்கு நடுவே பழைய துணி திணித்தோம். செல்வம் அண்ணன் தென்காசியிலிருந்து வந்து இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறவர். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்குத் தேக்கே வாங்கியிருக்கலாம்டா, நமக்கு வேலையாவது கம்மி."

முப்பத்தொன்று

பலகையைக் குறுக்கே அறுத்தால் ஓரத்தில் மரத்தின் வளையங்கள் தெரியும். வெனீர் ஒட்டிய ஓரத்தில் அது தெரியாது, நீளக் கோடுதான் ஓடும். மரம் வளர்த்தவர் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தானே? பிரவுன் மார்க்கரை என்னிடம் கொடுத்து வரையச் சொன்னார்கள். ஒரு மதியம் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, வில் மாதிரி வளைவாக, ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு படம்கூட இவ்வளவு ஒழுங்காக வரைந்ததில்லை.

சேட்டன் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். வருஷத்துக்கு ஒரு வளையம், மரத்துக்கும் சேச்சிக்கும் ஒரே வயசு, இதுதான் கணக்கு. "முப்பத்தொண்ணு இருக்கு. லிஜிக்கு ரெண்டு வயசு கூட்டிட்டியே, அவ எண்ணிப் பார்த்தா என்னை உயிரோட விடுவாளா?"

இஸ்திரி

சனிக்கிழமை வெனீரில் ஒரு இடம் கொப்புளம் போல எழும்பியது. அதற்கு வைத்தியம், ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்துவது. பசை இளகித் திரும்பப் பிடிக்கும். அண்ணன் சாயா குடிக்கப் போயிருந்தார். நான் மட்டும் மேசைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வெள்ளை முண்டு கட்டிய பெரியவர் ஒருவர் குடையை மடக்கியபடி நின்று பார்த்தார். "மோனே, லிஜியோட மேசை இங்கதானே?"

ஒரு நாள் முன்னாலேயே அப்பச்சன் வந்துவிட்டார். என் கை தானாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "பலகைக்கு எதுக்கு இஸ்திரி?" என்றார். "சுருக்கம் எடுக்கிறேன் அப்பச்சா" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? அவர் ஓரத்தைத் தடவினார். விரலில் மார்க்கர் ஒட்டியது. அடியில் குனிந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மடியில் கைவிரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மோள் கேட்டா என் மரம்தான்னு சொல்லு. நான் வந்ததை ஷிஜுகிட்ட சொல்லாதே, அவன் பயப்படுவான்."

வெறும் மேசை

ஞாயிற்றுக்கிழமை மேசையை இடக்கொச்சிக்குக் கொண்டுபோய், நாலு பேர் மூச்சு வாங்க இறக்கினோம். அண்ணன் மேசைக் கால்களை மாட்டித் திருகாணியை முடுக்கினார். அப்பச்சன் முதல் தடவை பார்க்கிற மாதிரி சுற்றி வந்தார். ஓரத்தைத் தொடவே இல்லை. "என் மரம்தான், பார்த்தாலே தெரியுது" என்றார். சேட்டன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. லிஜி சேச்சி மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம் சேச்சி அடுக்களைக்குப் போய், அடுப்பிலிருந்து இறக்கிய மீன்கறிச் சட்டியை இரண்டு கையாலும் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கறி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே வைத்தால் பசை இளகும். வெனீர் பப்படம் மாதிரி பொரியும். அதற்கடியில்தான் அந்தப் பேப்பர் வேறு. "அடியில ஏதாச்சும் வை லிஜி" என்றார் சேட்டன், குரல் கீச்சென்று வந்தது. "தேக்குக்கு எதுக்கு? அப்பச்சன் வீட்டுல வெறும் மேசையிலதானே வைக்கிறோம்?" அப்பச்சன் ஃபேனைப் பார்த்தார். அண்ணன் முடுக்கிய திருகாணியையே திரும்ப முடுக்கினார். சட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு விரல் இடைவெளி. மூன்று விரல். நான் ஒட்டியது, என் கண் முன்னால் பொரிவதைப் பார்க்க முடியவில்லை. "வைக்காதீங்க சேச்சி, இது பிளைவுட்!"

சட்டி அந்தரத்தில் நின்றது. சேச்சி சேட்டனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "அப்போ என்னோட மரம் எங்கே?"

அன்றைக்கு அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தது இரண்டே வேலை: திருப்புளியைப் பிடி, வாயை மூடு. திருப்புளியை ஒழுங்காகத்தான் பிடித்தேன்.