மைக் பட்டனை நான் அழுத்தவில்லை

1. கணக்கு யார் பெயரில்

வீட்டுக் கமராப் பெட்டி முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்த அன்று, அதை எப்படி ஓட வைப்பது என்று எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. தலவாக்கலை பஜாரில் போன் விற்கிற, ரீலோட் போடுகிற, உடைந்த டிஸ்பிளே மாற்றிக் கொடுக்கிற கடை எங்களுடையது. அங்கே நான் சேர்ந்து அப்போதே பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

"ரெஜினா, இத நீ படிச்சுக்கோ. இனிமே இதுதான் ஓடும்," என்றார் முதலாளி.

அவர் சொன்னது சரிதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு இரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா மலையிலிருந்து இறங்க ஐந்து மணியாகும். பல வீடுகளில் அப்பா வேலைக்கென்று கொழும்பில் இருப்பார். இடைப்பட்ட மூன்று மணி நேரம் பிள்ளைகள் தனியாகத்தான். உள்ளங்கை அளவு கமரா ஒன்றைச் சுவரில் மாட்டி, சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை வைத்துவிட்டால், அம்மா கொழுந்து மலையிலிருந்தே போனில் பார்க்கலாம். மைக் பட்டனை அழுத்திப் பேசினால் பிள்ளைக்குக் கேட்கும். விலையும் கைக்கு எட்டுகிற விலை. நன்றாக விற்றது.

பிரச்சினை ஒன்றுதான். ஆப்பில் கணக்குத் திறக்க ஈமெயில் வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈமெயில் கிடையாது. நான் திறந்து கொடுத்தாலும் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அடுத்த கிழமை வந்து நிற்பார்கள். அதனால் நான் சுலபமான வழி ஒன்று பிடித்தேன். எல்லாக் கமராவையும் என்னுடைய கணக்கிலேயே சேர்த்து, அங்கிருந்து அவர்களுடைய போனுக்கு ஷேர் பண்ணிவிட்டேன். கமரா வேலை செய்யவில்லை என்று யாராவது கால் பண்ணினால், கடையில் இருந்தபடியே பார்த்துச் சொல்லலாம். முதலாளிக்கும் அது பிடித்திருந்தது.

இப்படிச் செய்திருக்கிறேன் என்று வாங்கியவர்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இருந்தேன் என்று இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. ஆப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் ஓனர் என்று இருக்கும். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கெஸ்ட் என்று இருக்கும். அவர்கள் வீட்டுக் கமராவில் அவர்களே விருந்தாளி. தினமும் கண்ணில் பட்ட சொல் அது.

2. பார்க்கத் தொடங்கியது

முதலில் கால் வந்தால் மட்டும்தான் பார்த்தேன். பிறகு கால் வராமலும் பார்த்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஆள் குறைவு. அந்த நேரத்தில் போனைத் திறந்தால் இருபதுக்கு மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். ஒரு வீட்டில் பிள்ளை பாடம் எழுதும். ஒரு வீட்டில் டீவிக்கு முன்னால் ஆடும். என் ஒரே மகன் வேலைக்கென்று கொழும்புக்குப் போய்விட்டிருந்தான். பிள்ளைகளைப் பார்ப்பதில் என்ன தப்பு, அன்பாகத்தானே பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவள். ஒரு லயத்துக் காம்பராவில் படுப்பது, சாப்பிடுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் ஒரே அறைக்குள்தான் என்று எனக்குத் தெரியும். அங்கே மாட்டுகிற கமராவுக்குப் பிள்ளை மட்டுமல்ல, முழு வீடும் தெரியும். பெரியவர்கள் வந்தால் அந்தக் கட்டத்தை மூடிவிடுவேன். எல்லா நேரமும் மூடினேன் என்று சொன்னால் பொய். ஒரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடித்ததைக் கடைசிவரை பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் பெயர் சொல்லாமல் கடையில் கதையாகச் சொல்லியும் இருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. மழை பெய்த பகல்

யோகேஸ்வரி என்ற யோகா, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. இரண்டும் பெண் பிள்ளைகள். பெரியவள் ஹம்சினிக்குப் பதினொரு வயது, சின்னவள் சஷ்மிக்கு ஆறு. அவர்கள் வீட்டுக்கு நானே போய்க் கமரா மாட்டினேன். கதவுக்கு மேலே மாட்டினால் அறை முழுவதும் விழும் என்று இடம் பார்த்துக் கொடுத்ததும் நான்தான். ஹம்சினி பயந்த மாதிரி நின்றாள்.

"பயப்படாதடா. ஏதாவதுன்னா இந்தக் கமராவப் பார்த்துக் கூப்பிடு. அம்மாவுக்குக் கேக்கும்," என்றேன்.

அம்மா அந்த நேரத்தில் ஆப்பைத் திறந்திருந்தால்தான் கேட்கும். அதை நான் விளக்கிச் சொல்லவில்லை. விற்கிறவர்கள் பேசுகிற பேச்சு அப்படித்தான்.

அன்று மழை. கடையில் ஆள் இல்லை. போனின் சத்தத்தை அமத்தி வைத்துவிட்டு வழக்கம்போலக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகா வீட்டில் ஹம்சினி ஸ்கூல் கவுனை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட ஆயத்தம் பண்ணினாள். மேசையில் கரண்ட் கேத்தல். தண்ணீர் கொதித்துவிட்டது. அவள் திரும்பிப் போய், சுவர்த் தட்டிலிருந்து இரண்டு கப் எடுத்தாள். மூன்று எட்டுத் தூரம்தான். அதற்குள் சின்னவள் வயரைப் பிடித்து இழுத்துவிட்டாள். கேத்தல் சரிந்து இடது கை முழுக்கச் சுடுதண்ணீர் கொட்டியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஹம்சினி கப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து தங்கையை இழுத்து எடுத்தாள். சட்டையைக் கழற்றினாள். பிறகு நேராகக் கமராவைப் பார்த்தாள். வாய் அசைந்தது. திரும்பத் திரும்ப அசைந்தது. நான் சத்தத்தைக் கூட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படி நின்றுவிட்டு, அவள் போய் டூத்பேஸ்ட்டை எடுத்து வந்து அந்தக் கையில் பிதுக்கிப் பூச ஆரம்பித்தாள்.

சுட்ட இடத்தில் டூத்பேஸ்ட் பூசக் கூடாது, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். லயத்துக்கு முன்னால் பீலியில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மைக் பட்டன் என் விரலுக்குக் கீழே இருந்தது. அழுத்தி, "பீலிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் தண்ணி ஊத்து" என்று சொன்னால் போதும்.

என் குரல் அந்த அறைக்குள் கேட்டால் சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிடும், பிறகு பஜார் முழுவதும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பிள்ளை அங்கே துடித்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்தது இதைத்தான். அழுத்தவில்லை.

யோகாவுக்குக் கால் பண்ணினேன். அதிலும் உண்மையைச் சொல்லவில்லை.

"தங்கச்சி, கடையிலருந்து ரெஜினா பேசுறேன். கமராவுக்குப் புது அப்டேட் வந்திருக்கு. ஒருக்காத் திறந்து பாருங்க."

"மலையில நிக்கிறேன் அக்கா. கங்காணி பாத்துக்கிட்டு இருக்காரு. வீட்டுக்குப் போய்ப் பாக்குறேன்," என்று வைத்துவிட்டாள்.

இரண்டாவது தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தாள். "உங்க கமரா லைன் கட்டாகுற மாதிரிக் காட்டுது. இப்பவே பார்த்தாத்தான் சரி பண்ணலாம்," என்று இன்னொரு பொய் சொன்னேன். அப்போதுதான் திறந்தாள். கேத்தல் சரிந்ததிலிருந்து கால் மணி நேரம் போயிருந்தது.

அந்தக் கால் மணி நேரத்தில் ஹம்சினி ஆள் தேடி வெளியே ஓடியிருந்தாள். பக்கத்துக் காம்பராக்களில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் கீழ் லயம்வரை ஓட வேண்டியிருந்திருக்கிறது. ஆகவே யோகா திறந்தபோது கண்டது, தரையெல்லாம் தண்ணீர், கட்டிலில் தனியாக உட்கார்ந்து அலறுகிற சஷ்மி. பெரியவளைக் காணவில்லை.

4. மரக்கறிப் பை

ஒரு மாதம் இருக்கும். யோகா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். சஷ்மியின் கையில் கட்டு. யோகாவின் கையில் லீக்ஸும் கரட்டும் நிறைந்த ஒரு பை.

"எங்க வீட்டு மரக்கறித் தோட்டத்துல வெளஞ்சது அக்கா. அன்னைக்கு நீங்க விடாமக் கால் பண்ணலன்னா நான் கமராவத் திறந்திருக்கவே மாட்டேன். கடவுளாப் பார்த்துத்தான் அந்த லைனக் கட் பண்ணியிருக்காரு."

முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தியா ரெஜினா, இதுக்குப் பேருதான் சர்வீஸ்," என்றார்.

யோகா ஹம்சினியைக் காட்டினாள். "எல்லாம் இவளாலதான். கொதிக்கிற கேத்தலப் போட்டுட்டு வெளிய வெளையாடப் போயிட்டா. அவங்க அப்பா இப்ப இவகிட்ட போன்லகூடப் பேசுறதில்ல."

"நான் போகல. கப்தான் எடுத்தேன். அப்புறம் ஆளக் கூப்பிடத்தான் ஓடினேன்," என்றாள் ஹம்சினி தரையைப் பார்த்தபடி. நிறையத் தடவை சொல்லிச் சலித்த குரல்.

"நான் கமராவுல என் கண்ணாலயே பார்த்தேன். நீ அங்க இல்ல. இன்னமும் பொய் சொல்றா பாருங்க அக்கா. டாக்டர் வேற, உடனே தண்ணி ஊத்தியிருந்தா இவ்வளவு ஆழமாப் போயிருக்காது, யாரு இந்தப் பேஸ்ட்டப் பூசினதுன்னு ஏசினாரு."

அந்தப் பிள்ளை சொல்வது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல, சின்னப் பிள்ளதானே, ஏசாதீங்க," என்றேன். மன்னித்துவிடச் சொல்கிற பெரிய மனுஷி மாதிரி. செய்யாத தப்புக்கு அவளுக்காகப் பரிந்து பேசினேன். ஹம்சினி ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் போன பிறகு கடைக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். சொன்னதும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாதே," என்றார். அன்று பகலே வட்டகொடைக்கு பஸ் ஏறினேன்.

5. யோகா வீட்டில்

பாய் போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்தாள் யோகா. கப்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு என் பெயரில் இருப்பதை, பகலில் பார்ப்பதை, அன்று பார்த்ததை, சொன்ன பொய்களை.

"எத்தன நாளாப் பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"மாட்டின நாள்லருந்து."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், கொடியில் தொங்கிய உடுப்புகள், அடுப்பங்கரைப் பக்கம்.

"இந்த ஒரு காம்பராவுலதான் அக்கா நாங்க எல்லாமே," என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு வெளியே பார்த்து, "ஹம்சினி, இங்க வா," என்றாள். "என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க."

ஐம்பது வயதைத் தாண்டிய நான், பதினொரு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அதைத் திரும்பச் சொன்னேன். நீ வெளியே போகவில்லை, கப் எடுத்துக்கொண்டு நின்றாய், ஓடி வந்து தங்கையைத் தூக்கினாய், எல்லாவற்றையும் நான் பார்த்தேன் என்றேன்.

அவள் கதவுக்கு மேலே இருந்த கமராவைப் பார்த்தாள்.

"நான் கமராவப் பார்த்துக் கூப்பிட்டேனே. அம்மா, என்னா பூசுறதுன்னு கேட்டேன். அப்ப நீங்கதான் இருந்தீங்களா?"

"ஆமாடா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் இருந்தது. பயந்துவிட்டேன் என்பதுதான் பதில். அதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சுடுதண்ணீர் கொட்டியது எனக்கு இல்லையே, எனக்கென்ன பயம் என்று யோசித்திருப்பாள்.

யோகா புருஷனுக்குக் கால் எடுத்து, போனை என்னிடம் நீட்டினாள். மூன்றாவது முறையாகச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போனக் கொஞ்சம் மகள்கிட்ட குடுங்க," என்றார்.

ஹம்சினி போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். யோகா கதிரையில் ஏறிக் கமராவைக் கழற்றி என் கையில் வைத்தாள். "நீங்க போங்க அக்கா," என்றாள். அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

6. பிறகு

முதலாளியிடம் அடுத்த நாள் சொன்னேன். "பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டா முடிஞ்சுது. எதுக்கு ஊரக் கூட்டிச் சொல்ற?" என்று கோபப்பட்டார். இருந்தாலும் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். அவரவர் பெயரில் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை அவர்களையே கொப்பியில் எழுத வைத்து, என் போனிலிருந்து அழித்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காரணத்தைச் சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கமராவையே கழற்றிவிட்டார்கள். ஒருவர் கடைக்கு வந்து, எல்லாரும் பார்க்க, வாயில் வந்ததையெல்லாம் பேசினார். அவர் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. முதலாளி என்னைக் கமரா வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது நான் ரீலோட் மட்டும் போடுகிறேன்.

யோகா எங்கள் கடைக்கு வருவதில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் சஷ்மியைக் கண்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கி, நிறம் மாறியிருந்தது. ஹம்சினி அவளுடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பவில்லை, சிரிக்கவும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் கணக்கை வீட்டுக்காரர் பெயரிலேயே திறந்து கொடுங்கள். நேரம் போகும், அலுப்பாக இருக்கும், நூறு தடவை பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுக்க வேண்டி வரும். பரவாயில்லை. ஒரு பிள்ளை கமராவைப் பார்த்து அம்மா என்று கூப்பிடும்போது, அந்தப் பக்கத்தில் அம்மாதான் இருக்க வேண்டும். அன்றைக்கு இருந்தது நான். இருந்தும் பேசவில்லை.